மீதி நாற்பத்தொன்பது

இரண்டு விமான நிலையங்களும்
இருந்த இடத்திலேயே இருக்கின்றன.
ஹெல்சிங்கியில் ஒரு குண்டூசி, தோக்கியோவில் ஒன்று,
உலக உருண்டைமேல் நூலை இழுத்துக் கட்டினால்
இன்றைக்கும் ஏழாயிரத்து எண்ணூற்றுச் சொச்சம் கிலோமீட்டர்தான்.
நூலுக்கு யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை.

முன்பெல்லாம் ஒன்பதரை மணி நேரம்.
கிழக்கே அடுத்த வீட்டுக்காரர்
தம் வானத்தைப் பூட்டிக்கொண்ட பிறகு
வடதுருவம் ஏறி, அலாஸ்கா பக்கமாய் இறங்கி,
பதின்மூன்று.

இருபத்தாறு வருடம் ஆறாம் எண் டிராம் ஓட்டியவள் நான்.
அராபியா நிறுத்தத்திலிருந்து ஹியெத்தலஹ்தி சந்தை வரை
எவ்வளவு தூரம் என்று கேட்டால்
சிவப்பு விளக்கைப் பொறுத்தது என்பேன்.
எங்கள் பழைய ஆட்கள் இன்னும் கெட்டிக்காரர்கள்:
ஒரு நாயின் குரைப்பு காதுக்கு எட்டும் தூரம்
ஓர் அளவு.
வடக்கே, துருவமான் மூத்திரம் பெய்ய நிற்கும் வரை
ஒரே மூச்சில் போகும் தூரம்
இன்னோர் அளவு.
காற்றும் குளிரும் மானின் பொறுமையும்
அதற்குள்ளேயே அடக்கம்.

இப்போது ஓய்வு. சம்பளமில்லாத வேலை ஒன்று.
என் இரண்டு பாதங்களுக்கும் நடுவே நீலப் பெட்டி,
உள்ளே ஒரு லிட்டருக்கும் குறைவாய்
யாரோ ஒருவருடைய எலும்பு மஜ்ஜை.
கொடுத்தவர் பெயர் தெரியாது.
வாங்கப்போகிறவர் பெயரும்.
தெரிந்தவை இரண்டே எண்கள்:
நான்கு டிகிரி. எழுபத்திரண்டு மணி.

செவ்வாய் காலை பதினொன்றுக்கு ஊசியை உருவியதுமே
அதன் கடிகாரம் ஓடத் தொடங்கிவிட்டது.
அது எந்த நாட்டு நேரமும் அல்ல.
தேதிக்கோட்டைத் தாண்டுகிறோம் என்று அறிவித்தபோது
சிலர் கைக்கடிகாரத்தைத் திருகினார்கள்.
ஒரு நாள் முழுதாய்க் காணாமல் போனது;
பெட்டியில் ஒரு நொடியும் குறையவில்லை,
கூடவுமில்லை.

பக்கத்து இருக்கையில் குராமொச்சி,
ரம்பத் தகடு விற்பவர்.
"முன்பு ஒரு சாப்பாடு, ஒரு தூக்கம், வீடு.
இப்போது இரண்டு சாப்பாடு" என்று
வயிற்றைத் தட்டிக் காட்டினார்.
பெட்டியில் என்ன என்றார். சொன்னேன்.
அதற்குப்பின் காலை மடக்கிக்கொண்ட மனிதர்
தரையிறங்கும் வரை நீட்டவேயில்லை.

துருவத்தில் எல்லாப் பக்கமும் தெற்கு என்கிறார்கள்.
எனக்குத் தெரிந்தது
ஜன்னலில் இருட்டு, இருட்டில் என் முகம்.
துருவம் கடந்தவர் என்று ஆளுக்கொரு சான்றிதழ்
கொடுத்துக்கொண்டு வந்தாள் பிர்க்கோ என்ற பணிப்பெண்.
இரண்டு கேட்டேன்.
"மற்றதில் என்ன பெயர்?"
வெறுமையாக விடச் சொன்னேன்.
கீழே குனிந்து பெட்டியைப் பார்த்தாள்,
முத்திரையை மட்டும்
கொஞ்சம் அழுத்தியே குத்தினாள்.

கொடுக்க முடியாதுதான்.
பெட்டியோடு துண்டுக் காகிதம்கூடப் போகக்கூடாது,
எந்த ஊரிலிருந்து என்பதே துப்பாகிவிடும்.
அது என் கோட்டுப்பையில் இருக்கிறது,
பழைய டிராம் சாவியோடு.

மருத்துவமனையின் பின்வாசலில்
அசாக்குரா என்ற தாதி
வெப்பமானியை இரண்டு முறை பார்த்தாள்.
"நீண்ட தூரம்" என்றாள்.
"இருபத்துமூன்று" என்றேன்.
படிவத்தில் அதை அவள் எழுதவில்லை.
உதட்டசைவில் கழித்துப் பார்த்து
மீதியை எழுதினாள்: நாற்பத்தொன்பது.
பிறகு ஓடவில்லை,
ஆனால் நடந்த நடை
ஓட்டத்துக்கு ஒரு விரற்கடை குறைவு.

வெளியே தூறல்.
கைப்பிடியின் வளைவு விரல்களில் அப்படியே இருந்தது.
நான்கைந்து தெரு தள்ளி ஒரு நாய்
எதையோ பார்த்துக் குரைத்துக்கொண்டிருந்தது.
நன்றாகவே கேட்டது.